நாளைப் போகலாம் சிதம்பரம்!

எழும்பூரில் ரயில் ஏறினால் சிதம்பரம் போய்ச் சேர ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போனாலோ இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். நடுவழியில் காப்பிக் கடை வாசலில் டிரைவர் இறங்கிவிட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் படத்தை விரித்து, மீனம்பாக்கத்துக்கும் தில்லை நடராஜர் கோயிலுக்கும் நேராக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 185 கிலோ மீட்டர்தான்! மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு சின்ன விமானத்துக்கு இது ஒரு மணி நேரப் பிரயாணம்கூட இல்லை.

"விமானமா? அதற்கு நூறு பேராவது ஏற வேண்டுமே!" என்கிறீர்களா? நான் சொல்வது அந்தப் பெரிய விமானம் அல்ல. இரண்டு பேரோ நாலு பேரோ உட்காரக் கூடியது, ஒரே எஞ்சின், மூக்கில் ஒரு காற்றாடி. அதை ஓட்டுகிறவர் சம்பளம் வாங்கும் விமானியாக இருக்க வேண்டியதில்லை. டாக்டராக இருக்கலாம், வியாபாரியாக இருக்கலாம், காலேஜில் படிக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். ஆசைக்காக விமானம் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த சில பிரயாணங்கள் கதையைவிடச் சுவையானவை.

அந்தக் கதைகளைச் சும்மா சொல்வானேன்? நாமும் ஒரு சின்ன விமானத்தில் மனத்தால் ஏறிச் சிதம்பரம் வரையில் போய் வருவோம். வழியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன். பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள்!

லைசென்ஸ் எடுத்தாயிற்றா?

முதலில் ஓட்டுகிறவரின் யோக்கியதையைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் சொந்த உபயோகத்துக்கான விமானி லைசென்ஸ் வாங்க 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆம், கார் லைசென்ஸுக்கு ஒரு வருஷம் முந்தியே! குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழகியிருக்க வேண்டும். டாக்டர் பரிசோதனை உண்டு. வானிலை, சட்டம், திசை அறிதல் என்று பரீட்சைகளும் உண்டு. இந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு நண்பர்களை அழைத்துப் போகலாம். கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது.

இந்தியாவில் முதல் எண் போட்ட லைசென்ஸை 1929-ம் வருஷம் பிப்ரவரி 10-ம் தேதி வாங்கியவர் ஜே. ஆர். டி. டாடா. அதற்கு மறு வருஷமே, 1930-ல், சென்னை பிளையிங் கிளப் தோன்றிவிட்டது. ஆனால் சென்னைக்கு விமானப் பித்து அதற்கும் இருபது வருஷம் முன்பே பிடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். 1910-ல் இங்கே ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி ஆஞ்ஜெலிஸ் என்பவர், தாமே திட்டம் போட்டு, கோச்சு வண்டி கட்டும் ஸிம்ஸன் கம்பெனியில் கொடுத்து ஒரு விமானம் செய்து வாங்கினார். பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டும் காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது ஏழு வருஷம்கூட ஆகவில்லை. சமையலறைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு எத்தனை துணிச்சல் பாருங்கள்!

பாலில் தண்ணீரா, பெட்ரோலில் தண்ணீரா?

இதோ, நம் விமானம் தயாராக நிற்கிறது. செஸ்னா 172 என்று பெயர். 1956 முதல் 44,000-க்கு மேல் செய்யப்பட்ட ஜாதி இது. உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை பிறந்ததில்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள ஊரெல்லாம் மறைவில்லாமல் தெரியும்.

உடனே ஏறிவிடலாம் என்று பார்க்கிறீர்களா? பொறுங்கள். விமானி சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து, இறக்கையின் அடியில் அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நம் வீட்டில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல்தான்! இந்தப் பெட்ரோலுக்கு இளநீல நிறம் ஊட்டியிருப்பார்கள். தண்ணீர் சேர்ந்திருந்தால் அது கனம் என்பதால் அடியில் நிறமற்ற குமிழாக நிற்கும். இரவில் டாங்கியின் காலி இடத்தில் இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து இப்படித் தண்ணீராவது உண்டு. பால்காரர் ஏமாற்றினால் காப்பிதான் கெடும். இங்கே ஏமாந்தால் நடு ஆகாயத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

பிறகு பெட்ரோல் அளவு. நம் வண்டி மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் குடிக்கும். போகிற தூரத்துக்கு வேண்டியது, இறங்க முடியாமல் வேறிடம் போக நேர்ந்தால் அதற்கு வேண்டியது, அதற்கும் மேலே குறைந்தது அரை மணி நேரத்துக்கு உபரி. "வழியில் பங்க் வந்தால் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

பிறகு காகிதங்கள். எந்த வழி, எந்த உயரம், எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண் ஒன்று வாங்க வேண்டும். கண்ணால் பார்த்து ஓட்டும் விமானங்கள் நம் நாட்டில் இரவில் பறக்கக் கூடாது. சூரியன் அஸ்தமித்து 20 நிமிஷத்துக்குள் தரையில் இருக்க வேண்டும். ஆகவே காலையிலேயே கிளம்புகிறோம். வெயில் ஏறிவிட்டால் தரை சூடாகி, காற்று குமுறிக் குமுறி மேலே எழும்பும். சின்ன விமானத்தை மேடு பள்ளத்தில் போகும் மாட்டு வண்டியைப்போல் ஆட்டிவைக்கும். காலைக் காற்று தயிர்போல உறைந்திருக்கும்.

ரயில் பாதையே வழிகாட்டி

கிளம்பியாயிற்று! ஓடுபாதையில் நாலைந்து நூறு மீட்டர் ஓடியதும் மெல்ல எழும்பிவிட்டோம். தெற்கு முகமாகத் திரும்புகிறோம். இடது புறம் கடல், வலது புறம் தமிழ்நாடு. இதைவிடச் சுலபமான வழி உண்டா?

ஆனாலும் கவனம் வேண்டும். மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கமும் கடற்கரைக் கோயிலும் தெரிந்ததும் அடுத்தாற்போல் கல்பாக்கம். அணுமின் நிலையத்தின் மேல் பறக்கத் தடை உண்டு. ஒதுங்கித்தான் போக வேண்டும். மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாகக் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பினாற்போல மின்னுகின்றன. அப்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோன்ற தெருக்கள்: புதுச்சேரி.

இப்படிக் கண்ணால் கண்ட அடையாளங்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே போவதுதான் இந்தப் பறத்தலின் பழைய கலை. ஆறு, ஏரி, கோபுரம், ரயில் பாதை. இக்காலத்தில் ஸாட்டலைட் மூலம் இடத்தைக் காட்டும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அது இல்லாத நாளில்?

1930-ல் ஆகா கான் ஒரு பந்தயம் அறிவித்திருந்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே முதலில் தன்னந்தனியாக, ஒரு மாதத்துக்குள் பறந்து முடிக்கும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. மன்மோகன் சிங் என்ற இளைஞர் தம் விமானத்துக்கு "மிஸ் இந்தியா" என்று பெயரிட்டுக் கிளம்பினார். வழி தவறித் திரும்பினார்; மறுபடி கிளம்பினார். "மிஸ்" என்றால் குமாரி என்று அர்த்தம். தவறவிடுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு அல்லவா? இவர் இந்தியாவைத் தவறத்தான் விடுவார் போலிருக்கிறது என்று ஓர் ஆங்கில விமானப் பத்திரிகை கேலி செய்தது! மனிதர் விடவில்லை, இந்தியா வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டது, பரிசு கிடைக்கவில்லை.

பரிசு யாருக்குக் கிடைத்தது? அது இன்னும் ரசமான கதை. சற்றுப் பொறுங்கள், இதோ கடலூர் வந்துவிட்டது.

பீரங்கி அளந்த நிலம்

தென்பெண்ணை கடலில் கலக்கும் இடம் கீழே தெரிகிறது. அதற்குத் தெற்கே வளைந்து வளைந்து வருகிறதே, அதுதான் கெடிலம். கெடிலம் கடலைத் தொடும் இடத்தில் தேவனாம்பட்டினம். மணல் வெளியில் சின்னச் சின்ன எறும்புகள் மாதிரி தெரிபவர்கள் ஸில்வர் பீச்சுக்குக் காற்று வாங்க வந்தவர்கள்.

ஆற்றங்கரை ஓரமாகச் சில இடிந்த சுவர்கள் இருக்கின்றன. புனித டேவிட் கோட்டையின் மிச்சம் அது. 1690-ல் மராட்டியரிடமிருந்து இதை விலைக்கு வாங்கிய இங்கிலீஷ்காரர்கள், கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் தங்களுக்கு என்பதை ஒரு விசித்திரமான முறையில் அளந்தார்கள். பீரங்கியை நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு எங்கே விழுந்ததோ அதுவரை அவர்களுக்குச் சொந்தம்! அப்படிக் கிடைத்த கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது. கடலூரில் குண்டு சாலையும் குண்டு உப்பலவாடியும் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கின்றன. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கீழே நின்று பார்த்தால் இரண்டு சுவரும் புதருமாகத்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தால்தான் கடல், ஆறு, கோட்டை, அதைச் சுற்றிக் குண்டு பாய்ந்த வட்டம் எல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். சின்ன விமானத்தில் போவதன் லாபமே இதுதான். பெரிய விமானத்தில் பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் போகும்போது மேகத்தைத் தவிர வேறென்ன தெரிகிறது?

வலது புறம் தூரத்தில் தரையே தோண்டி எடுத்தாற்போல ஒரு பெரும் பள்ளம் தெரிகிறதா? நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அங்கே ஓர் ஓடுபாதை உண்டு. 2017-ல் சிற்றூர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் நெய்வேலியின் பெயரும் சேர்ந்தது. கடலூர் ஜில்லாவில் விமானம் என்ற சொல்லுக்குக் கோயில் விமானத்தைத் தவிர வேறு அர்த்தமும் உண்டு என்பதற்கு அந்த ஓடுபாதைதான் சாட்சி. நம் விமானி அதைக் கண்ணால் குறித்துக்கொள்கிறார். ஏன் தெரியுமா? "இந்த நிமிஷத்தில் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன்?" என்ற கேள்வி அவர் மனத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் நின்றால்?

பயப்படாதீர்கள். எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல விழுந்துவிடாது. பருந்து இறக்கையை அசைக்காமல் மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல மெல்லச் சறுக்கிக்கொண்டு வரும். 900 மீட்டர் உயரத்தில் இருந்தால் காற்று எதிர்க்காத பட்சத்தில் ஏறக்குறைய 8 கிலோ மீட்டர் தூரம் நகர்ந்து போகலாம். அதற்குள் சமதரை ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

கீழே எங்கு பார்த்தாலும் வயல்தானே, இடத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைப்பீர்கள். கார்த்திகையில் நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியிருக்கும் வயலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அறுவடை முடிந்து மாசி வெயிலில் காய்ந்து கிடக்கும் வயலோ ஓடுபாதை மாதிரி. ஆகவே இந்தப் பக்கம் பறக்கிறவருக்கு விவசாயப் பஞ்சாங்கமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்!

இன்னும் ஓர் அதிசயம் சொல்கிறேன், நம்புவது கஷ்டம். கடலூர்க் கடற்கரையின் புழுக்கத்தில்கூட இந்த எஞ்சினுக்குள் பனிக்கட்டி உறைவதுண்டு. பழைய மாதிரி எஞ்சின்களில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டர் என்ற பாகம் இருக்கிறது. குறுகிய வழியில் காற்று விரைவதாலும், பெட்ரோல் ஆவியாவதாலும் அங்கே உஷ்ணம் இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தில்தான். வெளியே 25 டிகிரி வெப்பம் இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் உள்ளே பனியாகி வழியை அடைத்துவிடும். எஞ்சின் தொண்டை கட்டினாற்போல் இருமும். உடனே விமானி ஒரு குமிழைப் பிடித்து இழுக்கிறார். எஞ்சினின் சூடான காற்று அங்கே பாய்ந்து பனியை உருக்கிவிடுகிறது. ஒரு குமிழ், ஒரு விநாடி ஞாபகம். அவ்வளவுதான் உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே.

ஒரு ஸ்பார்க் பிளக்கின் கதை

எஞ்சினைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஆகா கான் பந்தயத்தை இப்போது முடித்துவிடுகிறேன்.

பந்தயத்தில் இறங்கியவர்களில் இன்னும் இருவர் இருந்தார்கள். 25 வயது ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து இங்கிலாந்தை நோக்கிக் கிளம்பினார். 17 வயது ஆஸ்பி எஞ்ஜினீயர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கிக் கிளம்பினார். எதிரும் புதிருமாக வந்த இருவரும் எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். மாற்றுப் பிளக் கையில் இல்லை. டாடாவிடம் இருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாய் திறக்காமல் கிளம்பியிருந்தால் பரிசு டாடாவுக்கு வந்திருக்கக் கூடும். அவரோ தம்மிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். நன்றியில் நெகிழ்ந்த ஆஸ்பி, கடல் மீது பறக்கும்போது விழுந்தால் மிதப்பதற்கான தம் உயிர்காப்புச் சட்டையை அவருக்குக் கொடுத்தார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் பறந்தார்கள். மே 11-ம் தேதி ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். டாடா இங்கிலாந்தை அடைவதற்குள் பரிசு ஆஸ்பிக்குப் போய்விட்டது.

அந்தப் பையன் யார் தெரியுமா? பிற்காலத்தில், 1960 டிசம்பரில், இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாகப் பதவி ஏற்ற ஏர் மார்ஷல் ஆஸ்பி எஞ்ஜினீயர்தான். தோற்ற டாடா என்ன ஆனார்? 1932 அக்டோபர் 15-ம் தேதி கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சின்ன 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டி வந்தார். ரேடியோ கிடையாது, வழி காட்டும் கருவி கிடையாது. ஆமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! பம்பாயிலிருந்து அவருடைய தோழர் நெவில் வின்ஸென்ட் அந்தத் தபாலைப் பல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஏர் இந்தியா என்ற பெரிய மரத்துக்கு அதுதான் விதை. அதன் ஐம்பதாவது வருஷத்தில், 1982 அக்டோபர் 15-ம் தேதி, 78 வயதில் டாடா அதே வழியில் மறுபடியும் ஒரு பழைய சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டி வந்தார்.

புடவையும் விமானமும்

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்ப நினைக்கும் சகோதரிகள் இதைக் கேட்கட்டும். 1936-ல் ஸர்லா தக்ரால் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். அவருக்கு வயது 21.

நம் சென்னைக்காரக் கதையும் ஒன்று உண்டு. 1951-ல் சென்னை சர்க்கார் தனக்காக 'டவ்' என்ற சிறு விமானம் ஒன்றை இங்கிலாந்தில் வாங்கியது. அதைக் கொண்டுவந்தவர்கள் காப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். தம்பதிகளாக ஓட்டிக்கொண்டு லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். புருஷனும் மனைவியும் 27 மணி நேரம் ஒரு சின்னஞ்சிறு அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் சொல்வது சரியான வழி என்று தர்க்கம் செய்யாமல் வந்ததே ஒரு சாதனை என்று சில வீடுகளில் சொல்லக் கூடும்! உஷா சுந்தரம் சாமானியரல்ல; பெங்களூர் ஜக்கூரில் இருந்த சர்க்கார் விமானப் பள்ளியில் 1949-ல் தேறிய முதல் பெண்மணி. வாயில்லாப் பிராணிகளுக்காகச் சென்னையில் புளூ கிராஸ் சங்கம் தோன்றக் காரணமாக இருந்ததும் இந்தக் குடும்பம்தான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். மும்பைப் பெண் ஆரோஹி பண்டிட், நானூறு கிலோ அளவே எடையுள்ள 'மாஹி' என்ற குட்டி விமானத்தில், 2019 மே மாதம் அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்தார். ஸ்காட்லாந்தில் கிளம்பி, ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் தங்கித் தங்கிக் கானடா போய்ச் சேர்ந்தார். அந்த ரகத்துக் குட்டி விமானத்தில் இதைச் செய்த முதல் பெண் அவர். 2021 அக்டோபர் 15-ம் தேதி, டாடாவின் பழைய பிரயாணத்தை நினைவூட்டி, கட்ச் ஜில்லாவின் புஜ் நகரத்திலிருந்து ஆமதாபாத் வழியாக மும்பை ஜூஹூவுக்கு, இடம் காட்டும் கருவியை உபயோகிக்காமல் அதே 'மாஹி'யில் பறந்து வந்து இறங்கினார்.

கோபுரம் தெரிகிறது!

பேச்சு சுவாரசியத்தில் கடலூர்த் துறைமுகத்தையும் பரங்கிப்பேட்டையையும் தாண்டிவிட்டோம். வெள்ளாற்று முகத்துவாரம் கீழே போய்விட்டது. இடது புறம் பச்சைப் பட்டை நெசவு செய்து நடுநடுவே வெள்ளி ஜரிகை ஓடவிட்டாற்போலத் தெரிகிறதே, அதுதான் பிச்சாவரம். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த சுரபுன்னைக் காடு. படகில் போனால் நாலு பக்கமும் மரச்சுவர்தான் தெரியும். எந்தக் கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்ற ரகசியம் வானத்தில் இருப்பவனுக்குத்தான் விளங்கும்.

அதோ, நேர் முன்னே! வயல்வெளிக்கு நடுவே நாலு கோபுரங்கள். ஏழு நிலை மாடங்களோடு நாலு திசைக்கு நாலாக நிற்கின்றன. நடுவே பொன் கூரை காலை வெயிலில் ஒரு கணம் பளிச்சிடுகிறது. பக்கத்தில் சிவகங்கைத் தீர்த்தம் பச்சைக் கல் பதித்தாற்போல. நாலு வீதியும் கோயிலைச் சுற்றிச் சட்டம் போட்டு வைத்திருக்கின்றன. கிழக்கே அண்ணாமலை சர்வகலாசாலையின் கட்டடங்கள். மேற்கே தொலைவில் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பு, பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரி. தெற்கே கொள்ளிடத்தின் மணல்.

தாழப் பறந்து பார்க்கலாமே என்கிறீர்களா? கூடாது. ஜனங்கள் வாழும் ஊரின் மேல், அங்குள்ள மிக உயர்ந்த கட்டடத்துக்கும் மேலே 300 மீட்டராவது இடைவெளி விட வேண்டும் என்பது விதி.

சரி, இறங்கித் தரிசனம் செய்யலாமா? அதுதான் முடியாது! சிதம்பரத்தில் விமானம் இறங்க இடம் கிடையாது. நெய்வேலி ஓடுபாதை இங்கிருந்து 30 கிலோ மீட்டர். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் புதுச்சேரிக்குத் திரும்ப வேண்டும். ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு வடக்கே திரும்புகிறோம்.

திருநாளைப்போவார்

சிதம்பரம் வரையில் போயும் கோயில் வாசலை மிதிக்காமல் திரும்புகிறோமே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். வருத்தப்படாதீர்கள். இந்தத் திரும்புதல்தான் சின்ன விமானத்தின் முதல் பாடம்.

ஸாரா ரதர்ஃபோர்ட் என்ற 19 வயதுப் பெண் 2021 ஆகஸ்ட் 18-ம் தேதி பெல்ஜியத்திலிருந்து ஒரு குட்டி விமானத்தில் தனியாக உலகத்தைச் சுற்றக் கிளம்பினாள். மூன்று மாதத்தில் முடிப்பதாகத் திட்டம். ஆனது 155 நாள்! விமானத்தில் கோளாறு வந்து பறக்க முடியாமல் போனதாலா? பெரும்பாலும் அதனால் இல்லை. அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் சுமார் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள். ருஷ்யாவில் அயான் என்ற குக்கிராமத்தில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாள். மேகமும் பனியும் விலகட்டும் என்று தினமும் வானத்தைப் பார்ப்பதும், "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று திரும்பி அறைக்குப் போவதுமாக இருந்தாள். அவளுடைய விமானம் கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டியது. மேகத்துக்குள் நுழையக் கூடாது. கடைசியில் கொழும்பிலிருந்து நம் கோயமுத்தூருக்கு வந்து இறங்கி, மும்பை வழியாகப் போய், 2022 ஜனவரி 20-ம் தேதி வீடு சேர்ந்தாள். உலகத்தைத் தனியாக விமானத்தில் சுற்றிய பெண்களில் மிக இளையவள் என்று பெயர் வாங்கினாள். அவளுடைய 155 நாளில் எந்த நாள் மிகவும் தைரியமான நாள் என்று என்னைக் கேட்டால், பறக்காமல் இருந்த நாள்தான் என்பேன்.

மேகத்துக்குள் நுழைந்தால் என்னதான் ஆகிவிடும் என்கிறீர்களா? கண்ணுக்குத் தொடுவானம் மறைந்தவுடன் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு பொய் சொல்ல ஆரம்பிக்கும். விமானம் சாய்ந்து சுழலும். ஓட்டுகிறவருக்கோ நேராகப் போவதாகவே தோன்றும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாதவருக்கு இது யமன். நம் கடலூர்க் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் எழும் மேகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூரையும் புதுச்சேரியையும் என்ன பாடு படுத்தியது என்பது முந்திரித் தோப்புக்காரர்களைக் கேட்டால் தெரியும். இந்த வானம் அழகானது; ஆனால் அதனிடம் பிடிவாதம் செல்லாது.

ஆதனூர் நந்தனார் ஒவ்வொரு நாளும் "நாளைக்குச் சிதம்பரம் போவேன்" என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றார். அவருக்கு அந்த "நாளை"யை விதித்தவர்கள் மனிதர்கள், அது அநியாயம். விமானிக்கு "நாளை"யை விதிப்பது வானம். அதை மதித்துக் கேட்கத் தெரிந்தவர்தான் பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல மிஞ்சுகிறார். டாடா 78 வயதில் மறுபடி பறக்க முடிந்தது என்றால், அதற்கு முந்திய ஐம்பது வருஷத்தில் எத்தனை தடவை அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ வாசலில் நின்று, மேலே பறக்கும் சின்ன விமானத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் "உள்ளே வந்து படி" என்று அதட்டாதீர்கள். பதினேழு வயதில் ஆஸ்பி எஞ்ஜினீயர் செய்ததைச் சொல்லுங்கள். அபூகீரில் டாடா கொடுத்த ஸ்பார்க் பிளக்கைப் பற்றியும் சொல்லுங்கள். கூடவே, நோம் நகரத்தில் ஒரு மாதம் காத்திருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

நாம் புதுச்சேரியில் இறங்கிவிட்டோம். பெல்ட்டை அவிழ்த்துவிடலாம். சிதம்பர தரிசனத்துக்கா? பஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கடலூர் வழியாக வண்டி இருக்கும்.